இடது காலின் ரத்தக்குழாய்

என் அத்தான் நல்லசிவம் தெருவில் நின்று யாரோடும் பேசுகிற ஆள் இல்லை. விருதுநகர் பஜாரில் அவரை மறித்து நலம் விசாரித்தால், "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போய்விடுவார். என் அக்கா பொன்னுத்தங்கத்தைப் பெண் பார்க்க வந்தபோதே காப்பி ஆறுவதற்குள் எழுந்து கிளம்பியவர். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்தைந்தாம் வருஷக் கோடையில் கடை கடையாக நின்று பேச ஆரம்பித்தார். வத்தல் மண்டி வாசலில் நின்று மிளகாய் விலை கேட்பார். கொஞ்சம் தள்ளிப் பருப்பு மண்டியில் நின்று துவரை வரத்து எப்படி என்பார். அவருக்கும் துவரைக்கும் என்ன சம்பந்தம்? ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர் அவர்.

"அத்தானுக்கு வயசாக வயசாகத்தான் மனுசங்க வாடை பிடிக்குது போல" என்று அக்காவிடம் கேலி செய்தேன். அக்கா பதிலுக்குச் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டையும் கோபமும் எனக்கு ஒரே அளவுக்கு வளர்ந்துவிட்டன.

பிறகு ஒருநாள் அவரோடு பஜாரில் நடந்தேன். எண்ணெய்க் கடை வாசலில் நின்றார். அன்றைக்கு அமாவாசை, கடை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நெற்றி முழுவதும் வேர்த்திருந்தது.

"என்ன அத்தான், கதவுகிட்ட வெல கேக்கீகளா?"

அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு விட்டார். "கெண்டக்காலை யாரோ முறுக்கிப் பிளியுத மாதிரி இருக்கு மாப்ள. நின்னா விட்டுருது. நடந்தா மறுபடியும் பிடிக்குது. சும்மா நின்னா பாக்குதவன் என்ன நெனப்பான்? அதான் வெல கேக்கேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கிப்போனது. வீட்டுக்கு வந்து வேட்டியை விலக்கிக் காட்டினார். இடது கால் வலது காலைவிட வெளுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்தப் பாதம் பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. அக்கா பல மாதமாக நல்லெண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்கிறாளாம். வாதம் என்று நினைத்தாளாம்.

உள்ளூர் டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நெடுநேரம் தேடினார். வலது காலில் துடிப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை என்றார். மதராஸில் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த சர்ஜன் ஒருவர் இருக்கிறார், உடனே போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

மதராஸ் டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். அத்தானின் தொடை இடுக்கில் ஊசி வைத்து, ரத்தக்குழாய்க்குள் ஒரு மருந்தைச் செலுத்தி, அது ஓடும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு நேராக இறங்கி வந்தது. தொடையின் கீழ்ப் பாதியில் அது சட்டென்று நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் மெல்லியதாக மறுபடியும் ஆரம்பித்தது.

"ரத்தம் போற பாதை இது" என்றார் டாக்டர். "இந்த இடத்துல அடைச்சுப்போச்சு. ஓரத்துல தெரியுது பாருங்க, சின்னச் சின்னக் கிளைகள். இது வழியா ஏதோ கொஞ்சம் கீழ போய்ச் சேருது. உட்கார்ந்திருந்தா அது போதும். நடந்தா கால் சதை அதிகமா ரத்தம் கேக்கும், வராது, வலிக்கும்."

"அடைச்சது என்னது?" என்றார் அத்தான்.

"கொழுப்பும் சுண்ணாம்பும். குழாயோட உள்சுவர்ல வருஷக்கணக்கா படிஞ்சு கெட்டியாயிடுச்சு. சிகரெட் உண்டா?"

அத்தான் தலையாட்டினார். கம்பெனி இருக்கிற பக்கம் தீப்பெட்டிகூடக் கொண்டுபோகாதவர், வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து வட்டி போட்டு ஊதுவார்.

டாக்டர் ஆபரேஷனை விளக்கினார். தொடையைக் கீறி ரத்தக்குழாயை வெளியே எடுப்பார்கள். அடைப்புக்கு மேலும் கீழும் கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். குழாயை நீளவாக்கில் திறந்து, உள்ளே படிந்திருப்பதைச் சுவரோடு ஒட்டாமல் நெம்பி உரித்து எடுப்பார்கள். பிறகு அதே காலிலிருந்து வேண்டாத சிரையில் ஒரு துண்டு வெட்டி, திறந்த இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்துவிடுவார்கள். கவ்வியை எடுத்ததும் பாதம் சூடாக வேண்டும். சூடானால் ஜெயம்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தான் ஒரு சொல் விடாமல் கேட்டார். பிறகு அவருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"அப்படி உரிச்சு எடுத்தது ஒண்ணு இருந்தா காட்டுவீகளா?"

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அத்தான் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. மூட்டையில் குத்தூசி குத்தி நாலு தானிய மணி கையில் விழாமல் எந்தச் சரக்குக்கும் விலை சொல்லமாட்டார். பட்டாசும் அப்படித்தான். ஒவ்வொரு லோடிலும் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, ஒன்றைக் கொளுத்திப் பார்த்து அப்புறம்தான் அனுப்புவார்.

"அதெல்லாம் எடுத்து வைக்கிறதில்லை" என்றார் டாக்டர். "உங்க கால்லதான் பாக்கணும். நாளைக்கே சேந்துடுங்க."

"தீபாவளி கழியட்டும்" என்றார் அத்தான்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. எனக்கும்தான். அத்தான் மட்டும் நிதானமாக இருந்தார். "பட்டாசுக்காரனுக்கு வருசத்துக்கு ஒரே அறுவடை டாக்டர். வடக்கேயிருந்து வந்த ஆர்டர் அம்புட்டும் நிக்குது. இன்னைக்கு நான் படுத்தா சீசன் போயிரும், என்னை நம்பி இருக்குத சனங்களும் போயிரும். சிகரெட்டை விடச் சொல்லுங்க, இந்த நிமிசமே விடுதேன். நாளு மட்டும் தீபாவளிக்கு அங்கிட்டு வைங்க."

கோபத்தோடுதான் டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் எழுந்து வந்து அத்தானின் பாதத்தைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு பேசினார். "இந்தக் காலுக்கு உயிர் நூல்ல தொங்குது. சின்னக் காயம் பட்டாலும் ஆறாது, ஆறுறதுக்கு ரத்தம் வேணும். வெறுங்காலோட ஒரு அடிகூட நடக்கக் கூடாது. சூடு படவே கூடாது. ஒத்தடம், வெந்நீர் எதுவும் வேண்டாம். இதுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாக்கூட நீங்க பேசிட்டு உக்காந்திருப்பீங்க. புண்ணு வந்து சீழ் பிடிச்சா என்னால குழாயைத் திறக்க முடியாது. சீழ் இருக்கிற கால்ல தையல் நிக்காது. புரியுதா?"

புரிகிறது என்றார் அத்தான்.

அவர் வாக்குத் தவறாதவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே சிகரெட் பெட்டியைச் சாக்கடையில் போட்டார், அதற்கப்புறம் தொடவில்லை. அக்கா மதராஸிலேயே மெத்தென்ற துணிச் சப்பாத்து வாங்கினாள். வேட்டிக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்தோடு நடக்கிற அத்தானைப் பார்த்துப் பந்து விளையாடக் கிளம்பிவிட்டாரா என்று பஜாரே கேட்டது. அவர் கவலைப்படவில்லை. வீட்டுக்குள்கூட அதைக் கழற்றவில்லை. அக்கா தினமும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் துடைத்துவிட்டாள். எனக்கு மனசுக்குள் ஒரே சந்தோஷம். பிடிவாதக்காரரிடம் ஒரு நல்ல காரியத்தை ஒப்படைத்தால் அதிலும் பிடிவாதமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை மும்முரத்தில் அவர் கம்பெனிக்குள் எப்படி நடக்கிறார் என்று எங்கள் யாருக்கும் யோசனை போகவில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் லேபிள் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு நானே ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே வேப்ப மரத்தடியில் வேலைக்காரர்களின் செருப்புகள் குவிந்து கிடக்கும். அன்றைக்கு அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி, ஒழுங்காகச் சேர்த்துவைத்திருந்தது.

லேபிளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்தக் கம்பெனியில் கேட்டுக்கு உள்ளே செருப்பு கிடையாது. அது அத்தான் போட்ட சட்டம். சில வருஷங்களுக்கு முன் பக்கத்துக் காட்டில் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து அறை தீப்பிடித்துப் பெண்கள் பலர் கரிக்கட்டையாகச் செத்துப்போனார்கள். யாருடைய செருப்பு ஆணியோ தரையில் உரசிப் பொறி பறந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். உடல்களை வெளியே எடுக்கும்போது அத்தான் அங்கே நின்றிருந்தார். மறுநாளே வேப்ப மரத்தடியில் எல்லோருடைய செருப்பும் கழற்றப்பட்டது. அதற்கடுத்த மாதம், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருந்த பெத்தணன், காலில் முள் குத்திப் பழுத்திருக்கிறது என்று செருப்போடு உள்ளே வந்தான். அன்றைக்கே அவனைக் கணக்கு முடித்து அனுப்பினார். அவன் மனைவி வந்து அழுதும் இரங்கவில்லை.

அத்தான் காயப்போடுகிற மேடையில் இருந்தார். வெடிமருந்து அடைத்த பூச்சட்டிப் புஸ்வாணங்களை வெயிலில் காயவைக்கிற பெரிய சிமெண்டு மேடை அது. உச்சி வெயில். பெண்கள் மேடையில் விரித்த சாக்குகளின் மேல் மட்டும் கால் வைத்து, சாக்கு இல்லாத இடத்தில் ஓட்டமும் நடையுமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் வலது காலைச் சாக்கில் வைத்து, இடது காலை வெறும் சிமெண்டில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஒரு பூச்சட்டியைக் கையில் எடுத்து, அடியைத் தடவிப் பார்த்து, போர்மேன் சங்கையாவிடம் இன்னும் ஈரம் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடை சுமந்து வந்த வெள்ளைத்தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்குக் காலு கொப்பளிக்கு. மொதலாளிக்கு மட்டும் சுடவே மாட்டேங்கு பாருங்க. இன்னைக்குக் காலையிலேருந்து அப்படித்தான் நிக்காக."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். நான் மேடையில் ஏறி அத்தானைத் தோளோடு பிடித்து இழுத்து, ஏறக்குறையத் தூக்கி, கீழே நிழலில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியை ஒருவர் கை தொட்டு இழுப்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"ஒமக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "டாக்டர் என்ன சொன்னாரு? செருப்பு எங்க?"

"மெதுவாப் பேசுங்க மாப்ள."

"அது துணிச் சப்பாத்து. ஒரு ஆணி கெடையாது. அதைப் போட்டுக்கிட்டு ஏறினா என்ன?"

"எனக்குத் தெரியும் ஆணி கெடையாதுன்னு. அவுகளுக்குத் தெரியுமா? மொதலாளி செருப்போட ஏறுதாருன்னா நாளைக்கு ஒருத்தன் ஏறுவான். அடுத்த நாளு இன்னொருத்தன். எவன் செருப்புல ஆணி இருக்குன்னு ஒவ்வொருத்தன் காலையும் தூக்கிப் பாக்க முடியுமா?" குரலைத் தாழ்த்தினார். "பெத்தணனை வெளிய அனுப்புனவன் நான். நான் எந்த மூஞ்சியோட செருப்பு மாட்டிக்கிட்டு வருவேன்?"

"அப்ப உள்ள வராதீக. ஆபீஸ்ல உக்காருங்க."

"ஈரச் சரக்கை அனுப்பிருவாங்க. சங்கையா நல்லவன்தான், ஆனா லாரி வந்து நின்னா அவனுக்குக் கை நடுங்கிரும்."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஜெயித்திருப்பேன். பேசாமல் அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் ஒரே கொப்புளம். குதிகாலில் தோல் வெந்து வெள்ளையாகக் கழன்று தொங்கியது.

அத்தான் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"இது எப்பம் வந்துச்சு?" என்றார்.

அன்றைக்கே மதராஸுக்குக் கிளம்புங்கள் என்று நானும் அக்காவும் மன்றாடினோம். லோடு ஏறட்டும், லோடு ஏறட்டும் என்று நாளைக் கடத்தினார். கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, சங்கையாவை வரவழைத்து வரவழைத்துக் கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்குத்தான் இறங்கி வந்தார். உள்ளூர் டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார், தினமும் கட்டு மாற்றினார். கொப்புளம் உடைந்த இடத்தில் புதுத் தோல் வரவே இல்லை. ஓரம் கறுத்தது. சுண்டுவிரல் கறுத்தது. பிறகு அதற்கடுத்த விரல். வீட்டில் சாம்பிராணி போட்டும் நாற்றம் அடங்கவில்லை. காய்ச்சல் வந்து பிதற்ற ஆரம்பித்த பிறகுதான், அவரைக் கேட்காமலே கட்டிலோடு தூக்கி ரயிலில் ஏற்றினோம். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எந்தச் சீசனுக்காகக் காலைப் பணயம் வைத்தாரோ அந்தச் சீசனின் கடைசியையும் அவர் பார்க்கவில்லை.

மதராஸ் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், திரும்ப மூடினார். எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கெண்டைக்கால் வரைக்கும் சீழ் ஏறிடுச்சு. இப்போ குழாயைத் திறந்து தைச்சா தையல் அழுகி விட்டுடும், ரத்தம் கொட்டியே போயிடுவார். முழங்காலுக்கு மேல எடுத்தாத்தான் உயிர் நிக்கும்."

ஊசி மருந்தில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்து அத்தானுக்கு நினைவு தெளிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அவர் அழவில்லை.

"சரி, எடுங்க" என்றார். "ஒண்ணு மட்டும் செய்யணும். வெட்டின பெறகு அந்தக் காலுல இருக்குத கொளாயைத் தொறந்து பாருங்க. அன்னைக்குச் சொன்னீகள்லா, உரிச்சு எடுப்போம்னு. அது வருதா வரலையான்னு பாருங்க. மாப்ளயும் பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

"அதைப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றார் டாக்டர்.

"நான் எதை விட்டேன்னு எனக்குத் தெரியணும்."

"நானே சொல்றேனே."

"நீங்க ஆறுதலுக்கு எதையாவது சொல்லுவீக. மாப்ள சொல்லட்டும். அவருக்கு யாரையும் தடவிக் கொடுத்துப் பேசத் தெரியாது."

மறுநாள் காலையில் ஆபரேஷன். முடிந்த பிறகு டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். பீங்கான் பூசிய நீளமான தட்டில் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். டாக்டர் துணியை மேல்பக்கம் மட்டும் விலக்கினார். பாதத்தைக் காட்டவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சதையை விலக்கி ரத்தக்குழாயைத் தேடி எடுத்தார். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கெட்டியாக இருந்தது. சின்னக் கத்தரியால் நீளவாக்கில் திறந்தார். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக ஒன்று வழியே இல்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. தட்டையான சிறு கரண்டி போன்ற ஒன்றை அதற்கும் சுவருக்கும் நடுவே செருகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நெம்பினார். இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தார்.

வந்துவிட்டது. வேகவைத்த பனங்கிழங்கைப் பிளந்து நடுக்குருத்தை உருவுவது போல, முழுசாக, உடையாமல், ஒரே துண்டாக வந்துவிட்டது. அது கிடந்த இடத்தில் குழாயின் உள்பக்கம் வழவழவென்று பளபளத்தது.

டாக்டர் அதை ஓரமாக வைத்தார்.

"இதைத்தான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார். கையுறையைக் கழற்றினார். "இவ்வளவு சுலபமா எல்லாருக்கும் வர்றதில்லை."

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது?

"இன்னொண்ணு" என்றார் டாக்டர் கை கழுவிக்கொண்டே. "வலது கால்லயும் அதே இடத்துல ஆரம்பிச்சிருக்கு. இந்தத் தடவை படம் எடுத்தப்போ பாத்தேன். இன்னும் முழுசா அடைக்கலை, புண்ணும் இல்லை. உடம்பு தேறினதும் திறந்துட்டா அந்தக் கால் நிக்கும். நேத்து ராத்திரியே அவர்கிட்ட சொன்னேன். பதிலே சொல்லலை. நீங்க பேசிப் பாருங்க."

வெளியே வராந்தாவில் அக்கா காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. சுளுவா வந்துருச்சு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்தாள். "ஒன்னையக் கும்பிடுதேன் தம்பி. அவுககிட்ட இதைச் சொல்லாத. கல்லா ஒட்டிப்போயிருந்துச்சு, அன்னைக்கே பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்லு. காலு போனதைத் தாங்கிக்கிடுவாக. தானாக் கெடுத்துக்கிட்டோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டாக. செத்துருவாக."

நான் சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். மாசக்கணக்காக அந்த மனிதரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தவன் நான். அந்தத் தட்டைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஆசை விட்டுப்போயிருந்தது.

மாலையில் அத்தானுக்கு மயக்கம் தெளிந்தது. போர்வை இடது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகப் படிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்ன மாப்ள, பாத்தீகளா?"

"பாத்தேன் அத்தான்."

"வந்துச்சா?"

நான் அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். "இல்ல. கல்லு மாதிரி ஒட்டிப்போயிருந்துச்சு. டாக்டர் எம்புட்டோ நெம்பிப் பாத்தாரு. சுவரோட கிளிஞ்சு வந்துச்சு. அன்னைக்கே பண்ணியிருந்தாலும் பலிச்சிருக்காதாம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய உடம்பு கட்டிலில் தளர்ந்து இறங்கியது. எத்தனையோ நாளாக இறுகியிருந்த தாடை இளகியது. சிரித்தாரா என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று.

"அப்ப எப்படியும் போயிருக்கும்" என்றார்.

"போயிருக்கும் அத்தான்."

அக்கா அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டாள். என்னை நன்றியோடு பார்த்தாள்.

"நல்ல வேளை கேட்டேன்" என்றார் அத்தான். கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "இந்தக் காலையும் தொறக்கணும்னு டாக்டர் நேத்து சொன்னாரு. என்ன சொல்லுததுன்னு தெரியாம இருந்தேன். அங்கன கல்லா இருந்தா இங்கனயும் கல்லாத்தான இருக்கும்? அந்தப் பேச்சே வேண்டாம்னு அவர்ட்ட சொல்லிருங்க மாப்ள. இருக்குத வரைக்கும் இருக்கட்டும். போறன்னைக்குப் போகட்டும்."

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இந்தக் கால் வேறு, அந்தக் கால் வேறு என்று சொல்லலாம். ஆனால் ஒரு மூட்டையில் குத்திப் பார்த்து அந்த லாரிக்கே விலை சொல்கிற மனிதர் அவர். அவர் முடிவு எடுத்துவிட்டார். எடுத்த முடிவை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

அக்காவின் கை அவர் நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவளும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

"தம்பி, உள்ளதைச் சொல்லிரு."

அத்தான் கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துருச்சு அத்தான்" என்றேன். "நான் சொன்னது பொய். கத்தரியால தொறந்தாரு, இப்படியும் அப்படியும் நெம்புனாரு, ஒரே துண்டா வந்துருச்சு. நான் ஒரு மூச்சு இளுத்து விடுததுக்குள்ள வந்துருச்சு. உள்ள கொளாய் நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலுலயும் அப்படித்தான் வரும். வரும் அத்தான்."

அவர் கை மெதுவாக நகர்ந்து போர்வை தட்டையாக இருந்த இடத்துக்குப் போனது. அங்கே தடவியது. ஒன்றுமில்லாத இடத்தில் திரும்பத் திரும்பத் தடவியது. அப்புறம் அவர் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தம் போட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, பெண்கள் இழவு வீட்டில் அழுவதைப் போல அழுதார். அக்கா அவர் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

"இருக்கட்டும்" என்றார் அத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு ஒழுங்காக வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"கல்லுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா மாப்ள" என்றார். "போங்க. டாக்டர் கெளம்புததுக்குள்ள போயி, வலது காலுக்கு நாளு கேட்டுட்டு வாங்க."